இருபத்தாறு தொகுதியும் ஒரு மீசையும்

தமிழ்நாட்டோட முப்பத்தொம்பது நாடாளுமன்றத் தொகுதிப் பேரையும் நான் மூச்சு விடாம சொல்லுவேன். எதுல யாரு நிக்கிறாங்க, போன தடவை யாரு ஜெயிச்சா, அதுக்கு முந்தி யாரு டெபாசிட்டை விட்டா, எல்லாம் கேளுங்க, சொல்றேன். ஆனா ஓட்டுப் போடுற அன்னிக்கு என் ஓட்டு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. பூத் சிலிப்பை எங்கயோ தொலைச்சுட்டேன். ஸ்ரீரங்கத்துல இருக்குற ஸ்கூலு ஒண்ணு விடாம ஏறி எறங்கி, வேர்த்து வழிஞ்சு நிக்கையில வீட்டுக்காரி போன் பண்ணா. "நான் போட்டுட்டு வந்து சாதமே வடிச்சுட்டேன். நம்ம வீட்டுக்குப் பின்னாடி காம்பவுண்டு சுவரு இருக்குல்ல, அதுக்கு அந்தாண்டதான் பூத்து. நீங்க எங்க சுத்திக்கிட்டிருக்கீங்க?"

அப்பேர்ப்பட்ட நான்தான் அந்தத் தேர்தல்ல ஒரு கட்சிக்கு எத்தனை எடம் வரும்னு கணிச்சுச் சொன்னேன். சொன்னதோட போயிருந்தா பரவாயில்ல. என் கணக்கை நம்பி என் சிநேகிதன் மூஞ்சில ஒரு பாகத்தை எழந்தான். அவன் பொண்ணோட நிச்சயதார்த்தம் நடுத்தெருவுல வந்து நின்னுச்சு.

எனக்குத் தொழில் பைக் சீட்டுக்கு கவர் தைக்கிறது. காந்தி மார்க்கெட் பக்கம் சின்னக் கடை. நாலு ரோல் ரெக்சின், ஒரு தையல் மிசின், வர்றவங்க உக்கார ஒரு பெஞ்சு. அவ்வளவுதான் ஆபீஸ். அரசியல் கணிக்கிறதுக்கு இது போதுமான்னு கேக்குறீங்க. டிவியில கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்குறவங்களுக்கு பெஞ்சு கூட கிடையாது, பாத்தீங்களா?

இந்தப் பைத்தியம் ஆரம்பிச்சதே ஒரு விபத்துல. முந்தின ஒரு தேர்தல் சமயம், கடையில நல்ல கூட்டம். மிசின்ல நூலு அறுந்துக்கிட்டே இருக்கு. ஒருத்தரு விடாம "அவங்களுக்கு எத்தனை வரும், எத்தனை வரும்"னு நச்சரிக்கிறாரு. எரிச்சல்ல வாய்க்கு வந்த ஒரு நம்பரைச் சொன்னேன். அது அப்படியே வந்துடுச்சு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அன்னிலேர்ந்து மார்க்கெட்டுல எனக்குத் தனி மரியாதை. டீக்கடையில எழுந்து எடம் விட்டாங்க. தக்காளி வாங்கப் போனா, "அண்ணே, வேலூரு எப்படி?"ன்னு கேட்டாங்க. நூலு அறுந்த கடுப்புல வந்த நம்பருன்னு நான் யாருகிட்டயும் சொல்லல. கொஞ்ச காலத்துல நானே அதை மறந்துட்டு, என்கிட்ட ஏதோ சரக்கு இருக்குன்னு நம்ப ஆரம்பிச்சுட்டேன்.

இப்ப சிநேகிதனைப் பத்திச் சொல்லணும். பள்ளிக்கூடத்துலேர்ந்து என்கூட இருக்குறவன். மார்க்கெட்டுல வாழைக்காய் மண்டி வச்சிருக்கான். கட்சியில வட்ட அளவுல ஒரு பொறுப்பு. கரை வேட்டி இல்லாம அவனைப் பாத்ததே இல்லைன்னு அவன் பொண்டாட்டியே சொல்லும். அதைவிட முக்கியம் அவன் மீசை. ரெண்டு பக்கமும் காதைப் பாத்து நல்லாப் படர்ந்து கெடக்கும். மண்டியில யாராவது விலையைக் குறைச்சுக் கேட்டா அவன் பதிலே சொல்ல மாட்டான், மீசையை ஒரு தடவு தடவுவான். கேட்டவரு தானா ஏறி வருவாரு. மண்டியில ஏலம் காலையிலயே முடிஞ்சுடும். அப்புறம் பொழுதுக்கும் அவனுக்கு என் கடைப் பெஞ்சுதான்.

அவனுக்கு ஒரே பொண்ணு. காலேஜ்ல பாடம் நடத்துது. ரெண்டு வரன் வந்து தட்டிப் போச்சு. மூணாவதா அமைஞ்சது உப்பிலியபுரத்துல ஒரு விவசாயக் குடும்பம். நல்ல பையன், பொண்ணுக்கும் புடிச்சுப் போச்சு. வீட்டுல எல்லாரும் அதுலதான் உசுரை வச்சுக்கிட்டு இருந்தாங்க. ஓட்டு எண்ணி முடிச்ச அந்த வாரமே வெள்ளிக்கிழமை நிச்சயம்னு நாள் குறிச்சிருந்தாங்க.

என் கணிப்பு முறையை வெளிப்படையாவே சொல்லிடுறேன், யாருக்காவது உபயோகப்படலாம். ஒரு ஆளு வண்டியைக் கொண்டாந்து நிறுத்துவாரு. நான் மொதல் வேலையா சீட்டைக் கழட்டி உள்ள எடுத்துட்டுப் போயி, பழைய கவரை உரிச்சுப் போட்டுடுவேன். அப்புறம்தான் வெளிய வந்து கேப்பேன். "அண்ணனுக்கு எந்த ஊரு? உங்க பக்கமெல்லாம் எப்படி இருக்கு?" அவரு வண்டி வெறும் கம்பியா நிக்குது. என் கையில பெரிய கத்திரிக்கோலு. பெஞ்சுல பக்கத்துலயே கரை வேட்டி கட்டிக்கிட்டு இவன் மீசையைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கான். வந்தவரு எங்க ரெண்டு பேரையும் ஒரு தடவை பாப்பாரு. "உங்க கட்சிதாங்க. இதெல்லாம் கேக்கவே வேணாங்க"ம்பாரு. நான் உள்ள போயி சுவத்துல சாக்பீஸால ஒரு கோடு போடுவேன்.

மணப்பாறைலேர்ந்து ஒரு முறுக்கு வியாபாரி வந்தாரு. "போட்டுடலாங்க"ன்னாரு. மணப்பாறை ஓட்டு கரூர் தொகுதியில வருது, அதனால கரூர் முடிஞ்சுது. கோயம்புத்தூருக்கு எங்க சகலையை போன்ல புடிச்சேன். "ஏங்க, அங்க வெயில் ரொம்ப ஜாஸ்தியோ?"ன்னு அவரு என்னையக் கேட்டாரு. மறுக்கலையே, நம்ம கணக்குல போட்டேன். ஸ்ரீரங்கத்துல எங்க தெருவுல கோயில் கைங்கரியம் பண்ற ஒரு பெரியவரு இருக்காரு. "சுவாமி, இந்தத் தடவை யாருக்கு?"ன்னேன். கண்ணை மூடி, கையைக் கூப்பி, "எல்லாம் நம்பெருமாள் திருவுள்ளம்"னாரு. திருவுள்ளம் யாரு பக்கம்னு அவரு சொல்லல. நம்ம பக்கமாத்தான் இருக்கும்னு நானே பெருமாள் சார்பா முடிவு பண்ணிக்கிட்டேன். கன்னியாகுமரிக்கு ஆளே அகப்படல. பாவம், தனியா விட வேணாமேன்னு தூத்துக்குடியோட சேத்து ஒரு கோடு போட்டுட்டேன்.

பெரம்பலூருக்குத்தான் இருக்குறதுலயே வலுவான ஆதாரம். உப்பிலியபுரம் ஓட்டு அங்கதான் வருது. நிச்சயம் ஆகப்போற மாப்பிள்ளையே ஒரு நாளு சீட் கவர் மாத்த வந்திருந்தாரு. "உங்க பக்கம் எப்படி மாப்ள?"ன்னு கேட்டேன். பெஞ்சுல உக்காந்திருந்த வருங்கால மாமனாரை ஒரு பார்வை பாத்துட்டு, "மாமா கட்சிதாங்க. அலை அடிக்குது"ன்னாரு. அலையே அடிக்குதுன்னு சொன்னதால அவருக்கு மட்டும் ரெண்டு கோடு.

கோட்டையெல்லாம் எண்ணி, பெருக்கி, வகுத்து, கடைசில இருபத்தாறுன்னு அறிவிச்சேன். மூணு கூடலாம், மூணு குறையலாம்னு ஒரு வார்த்தையும் சேத்துக்கிட்டேன். அப்படிச் சொன்னாத்தான் படிச்சவன் சொன்ன மாதிரி இருக்கும்.

பக்கத்துக் கடையில பூட்டு, தார்ப்பாய் விக்கிற பாய் இருக்காரு. எங்களைவிட மூத்தவரு. அவருதான் சிரிச்சாரு.

"இருபத்தாறா? தம்பி, மூக்குக்கண்ணாடியை மாத்து. ஆறு வந்தா அல்லா புண்ணியம்."

சிநேகிதனுக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. "பாய், இவன் கணக்கு இதுவரைக்கும் தப்புனது கிடையாது, தெரியும்ல?"

"எத்தனை தடவை சொல்லியிருக்காரு?"

"ஒரு தடவை."

"அப்ப சரி."

"பதினஞ்சுக்குக் கீழ வந்தா என் மீசையை எடுத்துடுறேன். நீங்க எதை வைக்கிறீங்க?"

பாய்க்கு மீசை கிடையாது, தாடி மட்டும்தான். மேல் உதட்டைத் தடவிப் பாத்துட்டு, "எனக்கு வைக்கிறதுக்கு இங்க ஒண்ணும் இல்லையேப்பா. தாடி எங்க மார்க்கத்து விஷயம், அதைத் தொட முடியாது. சரி, பதினஞ்சைத் தாண்டுனா உங்க கொடியைத் தூக்கிக்கிட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்குறேன், போ"ன்னாரு.

சிநேகிதன் என்னையப் பாத்தான். அந்த ஒரு நொடியில நான் "விடு மாப்ள"ன்னு சொல்லியிருக்கலாம். "தைரியமா வை மாப்ள"ன்னேன்.

எண்ணிக்கை அன்னிக்கு கடையில டிவி கொண்டாந்து வச்சோம். தபால் ஓட்டு எண்ணும்போது ரெண்டு எடத்துல முன்னணி. "பாத்தியா"ன்னேன். சிநேகிதன் பட்டாசுக்கு ஆளு அனுப்பப் போனான். கொஞ்ச நேரத்துல அந்த ரெண்டும் போச்சு. "இது டவுன் ஓட்டு மாப்ள, கிராமத்துப் பெட்டியெல்லாம் இன்னும் பிரிக்கல"ன்னேன். அடுத்த சுத்துக்கும் அதையே சொன்னேன். அதுக்கடுத்த சுத்துக்கும் அதையே. மத்தியானம் பாய் டீயை உறிஞ்சிக்கிட்டே, "தம்பி, எல்லாப் பெட்டியையும் பிரிச்சுட்டாங்க. பாக்கி உங்க கல்லாப்பெட்டிதான், வேணும்னா அதையும் பிரிச்சுப் பாத்துடுங்க"ன்னாரு.

முடிவுல எத்தனை வந்துச்சுங்கறீங்களா? எண்ணிப் பாக்க ஒரு கை போதும். அதுலயும் விரல் மிச்சம்.

பாய் நல்ல மனுஷன். "அட விடுங்கப்பா, வெளையாட்டுக்குச் சொன்னது, நான் எப்பவோ மறந்துட்டேன்"னாரு. ஆனா அதுக்குள்ள வாழைக்காய் மண்டி, வெங்காய மண்டி, சுமை தூக்குறவங்க, எல்லாரும் கடை வாசல்ல வந்து நின்னுட்டாங்க. சிநேகிதன் எழுந்து வேட்டியை மடிச்சுக் கட்டுனான். "சொன்னா சொன்னதுதான்"னு சொல்லிட்டு நேரா சலூனுக்கு நடந்தான். நானும் கூடப் போனேன், ஆறுதலுக்கு. சிநேகிதனுக்கு ஒரு கஷ்டம்னா நான் எப்பவும் பக்கத்துலயே இருப்பேன். பாதிக் கஷ்டம் அதனாலதான் வருதுன்னு வீட்டுக்காரி சொல்லுவா.

சலூன்காரரு ஒண்ணும் கேக்கல. மூஞ்சியை ரொம்ப வாட்டமா வச்சுக்கிட்டு, மரியாதையா துண்டைப் போத்துனாரு, நுரையைத் தடவுனாரு, எடது பக்கத்தை ஒரே இழுப்புல எடுத்துட்டாரு. அப்புறம் கத்தியைத் தொடைச்சுக்கிட்டே மெதுவா கேட்டாரு.

"அப்பா எப்பண்ணே தவறுனாங்க? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வீட்டுக்கே வந்திருப்பேனே."

கண்ணாடியில அவன் என்னையப் பாத்தான். நான் அவனைப் பாத்தேன். எங்க பக்கத்துல ஒரு ஆம்பள மீசையை மழுங்க எடுத்தான்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான், அப்பனுக்குக் கொள்ளி போட்டுட்டு வந்திருக்கான். சின்னப் பசங்களைச் சொல்லல, அம்பது வயசுல மீசையை வச்சே அடையாளம் காட்டுற ஆளைச் சொல்றேன். அவங்கப்பாவுக்கு எம்பது தாண்டிடுச்சு. வீட்டுல ரூம்ல படுத்து ரேடியோ கேட்டுக்கிட்டிருக்காரு. வெள்ளிக்கிழமை நிச்சயம். சாவு நடந்த வீட்டுல எவன் வந்து தட்டு மாத்துவான்?

"மாப்ள..."ன்னான்.

"பாதி போயிடுச்சுடா"ன்னேன்.

பாதி மீசையோட வீட்டுக்குப் போறதுக்கு முழுசா போறதே மேல்னு மிச்சத்தையும் எடுக்கச் சொன்னோம். அதுவும் என் ஆலோசனைதான்.

வீட்டு வாசல்ல தங்கச்சி கோலப்பொடி டப்பாவோட நின்னுச்சு. தங்கச்சின்னா அவன் பொண்டாட்டி, நான் அப்படித்தான் கூப்புடுவேன். புருஷன் மூஞ்சியைப் பாத்துச்சு. டப்பாவை அப்படியே போட்டுட்டு உள்ள ஓடுச்சு. நாங்க பின்னாடியே போனா, மாமனாரு மூக்குக்கிட்ட கையை வச்சுப் பாத்துக்கிட்டிருக்கு.

"ஏம்மா, மூச்சு விட வேணாமா நான்?"னு பெரியவரு கண்ணைத் தொறந்தாரு. மகனைப் பாத்ததும் எழுந்து உக்காந்துட்டாரு. "யாருடா செத்தா?"

"கட்சிப்பா"ன்னான்.

தங்கச்சி திரும்பி என்னையத்தான் பாத்துச்சு. பொண்ணு சமையக்கட்டு வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்துச்சு. "அப்பா, அவங்க வீட்டுல சகுனமெல்லாம் ரொம்பப் பாப்பாங்கப்பா"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிடுச்சு.

தங்கச்சி சொன்னது ரொம்ப சாதாரண யோசனை. "இப்பவே போன் போட்டு உள்ளதைச் சொல்லிடுங்க. கட்சிப் பந்தயத்துல தோத்துட்டேன், மீசை போச்சுன்னு." அதுக்கு இவன் ஒத்துக்கல. சம்பந்தி வீட்டுல இவனுக்கு ஒரு கெத்து இருந்துச்சாம், அது கொறஞ்சிடுமாம். இந்த மாதிரி நேரத்துலதான் என் மூளை வேலை செய்யும். கெட்ட பழக்கம்.

"எதுக்கு போன்? பெரியவரு உசுரோட இருக்காருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்ல? வாசல்லயே சேரைப் போட்டு அவரை உக்கார வைப்போம். எறங்குனதும் அவரைத்தான் பாப்பாங்க. மீசையைப் பத்தி யாருக்குமே தோணாது"ன்னேன்.

எல்லாரும் யோசிச்சாங்க. பரவாயில்லையேங்கற மாதிரி இருந்துச்சு. அதோட நான் நிறுத்தியிருக்கணும்.

வெள்ளிக்கிழமை காலையில வாசல்ல சாமியானா போட்டாச்சு. எங்க ஏரியாவுல கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே ஆளுதான் சாமியானா போடுறாரு, ஒரே துணி, ஒரே பிளாஸ்டிக் சேரு. பெரியவரைக் குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு போட்டு, கை வச்ச சேருல நடுவுல உக்கார வச்சோம். தூரத்துலேர்ந்து பாத்தேன். சும்மா உக்காந்திருந்தா எடுப்பா இல்ல. மார்க்கெட்டுக்கு ஓடிப் போயி நல்ல பெரிய மாலையா ஒண்ணு வாங்கியாந்து போட்டேன். நெத்தியில சந்தனம் வச்சேன். காலையில மாத்திரை போட்டதுல பெரியவருக்கு அசதி. தலையைப் பின்னாடி சாச்சு, வாயை லேசாத் தொறந்துக்கிட்டுத் தூங்கிட்டாரு. உள்ள எடம் இல்லைன்னு யாரோ ஊதுபத்தி ஸ்டாண்டைக் கொண்டாந்து அவரு காலடியில வச்சுட்டுப் போயிருந்தாங்க. நான் அதையும் பாத்தேன். வாசனையா இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

வேன் தெருமுனையில திரும்புச்சு. நாங்க எல்லாரும் சிரிச்ச மூஞ்சியா நின்னோம். பெரியவரு சேருக்குப் பக்கத்துல மழிச்ச மூஞ்சியோட சிநேகிதன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான். வேன் மெதுவா வந்துச்சு. ஜன்னல்ல வரிசையா மூஞ்சிங்க. சாமியானாவைப் பாத்துச்சு, சேரைப் பாத்துச்சு, இவனைப் பாத்துச்சு. நிக்காம அப்படியே நேராப் போயிடுச்சு.

"எங்கடா போறாங்க?"ன்னான்.

"வண்டி நிறுத்த நெழல் பாக்குறாங்க மாப்ள"ன்னு கணிச்சுச் சொன்னேன்.

அவங்க போனது மாலை வாங்க. மாப்பிள்ளை அங்கேர்ந்து பொண்ணுக்கு நாலஞ்சு தடவை போன் போட்டிருக்காரு. மேக்கப் பண்ண வந்த பொண்ணு போனைப் புடுங்கி பீரோவுல வச்சிருந்துச்சு.

திரும்பி வந்தப்ப வேனைத் தெருமுனையிலயே நிறுத்திட்டு, செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, நடந்து வந்தாங்க. முன்னால மாப்பிள்ளையோட பெரியப்பா, ரெண்டு கையிலயும் ஆளுயர ரோஜா மாலை. பின்னால பொம்பளைங்க முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு. அந்த நேரம் பாத்து தங்கச்சி பன்னீர்ச் செம்பும் கல்கண்டுத் தட்டுமா "வாங்க வாங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே வெளிய வருது. மாப்பிள்ளையோட அம்மா ஓடி வந்து கட்டிப் புடிச்சு, "நல்ல காரியம் நடக்குற நேரத்துல இப்படி ஆயிடுச்சே"ன்னு ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க. தங்கச்சி கையில தட்டு ஆடுது, கல்கண்டு கொட்டுது.

பெரியப்பா யாரையும் பாக்கல. நேரா சேருக்குப் போயி, குனிஞ்சு, மாலையைக் கழுத்துல போட்டு, கும்புட்டாரு. ரோஜா இதழு மூக்குல பட்டுச்சோ என்னமோ, பெரியவரு ஒரு தும்மல் தும்முனாரு.

தெருவே அலறுச்சு. பெரியப்பா ரெண்டு எட்டு பின்னால போயி ஊதுபத்தி ஸ்டாண்டு மேல உக்காந்துட்டாரு.

பெரியவரு கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "வந்துட்டாங்களா? பந்தி போட்டாச்சா?"ன்னாரு.

சிரிப்பா இருக்கு, இல்ல? அன்னிக்கு ஒருத்தரும் சிரிக்கல. மாப்பிள்ளையோட அம்மாவுக்கு அழுகை நின்னு கோவம் வந்துடுச்சு. "உசுரோட இருக்குற மனுஷனுக்குச் சாவு மாலை போட வச்சுட்டீங்களே. இது என்னங்க சகுனம்? வேண்டாங்க. வண்டியை எடுக்கச் சொல்லுங்க"ன்னாங்க. அவங்க ஆளுங்க ரெண்டு பேரு தெருமுனையைப் பாத்து நடக்கவே ஆரம்பிச்சுட்டாங்க. ஜன்னல்ல பொண்ணு நிக்குது, பட்டுப்புடவை, பாதி மை எழுதுன கண்ணு. நான் வாயைத் தொறந்தேன். "மாமா, நீங்க எதுவும் பேசாதீங்க"ன்னு அங்கேர்ந்தே சொல்லுச்சு. மூடிக்கிட்டேன்.

சிநேகிதனுக்கு அப்பத்தான் கெத்தெல்லாம் எறங்குச்சு. பெரியப்பா முன்னாடி போயி கையைக் கூப்பி நின்னான். "சம்பந்தி, தப்பு எம்மேல. எங்க கட்சிக்கு நிறைய எடம் வரும்னு பந்தயம் கட்டி மீசையை எடுத்துட்டேங்க. அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இப்படிப் பண்ணிட்டோம்."

பெரியப்பா வேட்டியில சாம்பலைத் தட்டிக்கிட்டே கேட்டாரு. "எத்தனை வரும்னு கட்டுனீங்க?"

"இருபத்தாறுன்னு கணிப்பு இருந்துச்சுங்க."

"இருபத்தாறா! எந்தக் கிறுக்கன் சொன்னான்?"

யாரும் பேரு சொல்லல. எல்லாரும் என் பக்கம் திரும்புனாங்க, அவ்வளவுதான்.

"தம்பி, நீங்களா? எங்க பெரம்பலூரையும் சேத்தா சொன்னீங்க? எங்க ஊர்ல யாரைக் கேட்டீங்க?"

எனக்கு வேற வழியில்ல. மாப்பிள்ளையைக் கை காட்டுனேன். "இவரைத்தாங்க. அலை அடிக்குதுன்னாரு."

மாப்பிள்ளைக்கு மூஞ்சி செவந்து போச்சு. "ஏங்க, மாமா பக்கத்துல மீசையைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்காரு. பொண்ணு குடுக்கப் போறவரு. நான் வேற என்னங்க சொல்றது?"ன்னாரு. அப்புறம் பெரியப்பாகிட்ட தாழ்ந்த குரல்ல, "நான் போட்டது வேற பெரியப்பா"ன்னாரு. தாழ்ந்த குரலுதான், ஆனா தெருவே அமைதியா இருந்துச்சே.

பெரியப்பாவுக்குத் தொப்பைதான் மொதல்ல குலுங்குச்சு. அப்புறம் சத்தம் வந்துச்சு. அவரு சிரிக்க, பின்னாடி நின்ன பொம்பளைங்க சிரிக்க, ஜன்னல்ல பொண்ணும் மையைத் தொடைச்சுக்கிட்டுச் சிரிச்சுச்சு. மாப்பிள்ளையோட அம்மா மட்டும் அசையல. பெரியவருதான் சேருல சாஞ்சபடியே கூப்புட்டாரு.

"இங்க வாம்மா. ஒரு ஆளு செத்துட்டான்னு பேச்சு வந்தா அவனுக்கு ஆயுசு கூடும்னு உங்க ஊர்ல சொல்ல மாட்டாங்களா? எனக்கு மாலையே போட்டுட்டீங்க. பேத்தி புள்ளைக்கு மொட்டை போடுற வரைக்கும் நான் போக மாட்டேன். இதைவிட என்ன நல்ல சகுனம் வேணும் உனக்கு?"

அந்தம்மா போயி அந்த ரோஜா மாலையைக் கழட்டி, மடிச்சு ஓரமா வச்சுட்டு, நெத்தியில கலைஞ்சிருந்த சந்தனத்தைச் சரி பண்ணி விட்டாங்க. "அந்த ஊதுபத்தியை மொதல்ல அப்பால எடுங்க"ன்னாங்க. தெருமுனைக்குப் போனவங்களை ஆளு விட்டுக் கூட்டிட்டு வந்தோம். நல்ல நேரம் முடியறதுக்குள்ள தட்டு மாத்தியாச்சு.

பந்தி முடிஞ்சு கெளம்புறப்ப எனக்கு நெஞ்சு லேசா இருந்துச்சு. இந்த மாதிரி நேரத்துல மனுஷன் சும்மா இருக்கணும். தங்கச்சி தாம்பூலப் பையோட வந்து நின்னுச்சு. "பாத்தியாம்மா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. கணக்குல ஒரு சின்னப் பிசகு, அவ்வளவுதான். எங்க தப்புச்சுன்னு உக்காந்து பாக்கணும். ஒரு ஆளைக் கூட விடாமத்தான் கேட்டேன்"னேன்.

பையை என் கையில குடுத்துட்டு அது சொல்லுச்சு. "நீங்க கேட்டதுல ஒரு பொம்பள உண்டாண்ணே? நானும் எம்பொண்ணும் எந்தச் சின்னத்துக்குப் போட்டோம்னு இவருக்கே தெரியாது. அடுத்த தடவை நீங்க வந்து கேட்டாலும் சொல்ல மாட்டோம்."